கட்டியாக இருந்தால் சாது, தூளானால் எமன்: பெரிலியம் பற்றிக் கேட்டதற்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சின்ன டூல் ரூம் வைத்திருக்கிறார். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு சோல் வார்க்கும் அச்சு (மோல்டு) செய்கிறார். குதிகால் பகுதி கனமாக இருப்பதால் அங்கே சூடு சீக்கிரம் இறங்கவில்லை. பார்ட்டி பெரிலியம் காப்பர் (பெரிலியம் கலந்த செம்பு) கட்டி இரண்டைக் கொடுத்து, "இதில் இன்சர்ட் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்; இன்சர்ட் என்றால் மோல்டுக்குள் பதிக்கும் தனித் துண்டு. அந்தக் கட்டியைப் பார்த்த ஒருவர் "அது விஷம், கிட்டவே போகாதே" என்றாராம். இன்னொருவர் "பெரிலியம் நம்ம வேலூர்க் கல்லுதான், ஊர்ப் பேரைத்தான் வெள்ளைக்காரன் அதுக்கு வைத்திருக்கிறான்" என்றாராம். பெரிலியம் என்றால் என்ன, எங்கே கிடைக்கிறது, எதற்கெல்லாம் போடுகிறார்கள், வேலையை எடுக்கலாமா என்று கேட்கிறார்.

எடுக்கலாம். கட்டியைக் கையில் பிடிக்கலாம், கூலன்ட் ஊற்றி லேத்திலும் மில்லிங்கிலும் ஓட்டலாம். உலர்வாக எமரி போட்டுத் தேய்ப்பது, கிரைண்டரில் கொடுப்பது, வெல்டு வைப்பது, உருக்குவது ஆகிய நாலும் உங்கள் பட்டறையில் நடக்கக் கூடாது. ஏன் இப்படிக் கோடு போடுகிறேன் என்பது புரிய, அந்த உலோகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தனிம வரிசையில் பெரிலியம் நாலாவது. அதற்கு முன்னால் இருப்பவை ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் மட்டுமே. சாம்பல் நிறம். ஒரு கன சென்டிமீட்டர் 1.85 கிராம்தான்; அலுமினியம் 2.7, எஃகு 7.85. இவ்வளவு லேசான உலோகம் வளையாமல் நிற்கும் விஷயத்தில் எஃகைவிட ஒன்றரை மடங்கு விறைப்பு. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் எஃகைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. உருகுவது 1287 டிகிரி செல்சியஸில். அலுமினியம் 660-லேயே உருகிவிடும். ஒரு கிராமைச் சூடேற்ற அலுமினியத்தைப்போல் இரண்டு மடங்கு வெப்பம் வேண்டும், அப்படி வாங்கிய வெப்பத்தை நன்றாகக் கடத்தவும் செய்யும். அலுமினியம்போலவே காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும், அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இரண்டும் வேதியியலில் பங்காளிகள் மாதிரி. அதனால்தான் தாதுவிலிருந்து இவற்றைப் பிரிப்பதே தனிப் பாடு.

குறை என்று பார்த்தால் நொறுங்கும் குணம். அதன் படிக அடுக்கு அப்படி. அறை வெப்பத்தில் வளைக்கப் பார்த்தால் விரிசல்தான் விழும். அதனால் சுத்த பெரிலியப் பாகங்களை வார்ப்பதில்லை. உலோகத்தைத் தூளாக்கி, வெற்றிடத்தில் சூட்டோடு அழுத்திக் கட்டியாக்கி, பிறகு கடைகிறார்கள். தூள் இல்லாமல் தொழில் இல்லை, தூள்தான் ஆபத்து. இந்தச் சிக்கலைச் சமாளிக்கத் தனி ஆலை, தனிக் காற்றோட்டம், தனி உடை எல்லாம் வேண்டியிருப்பதால்தான் சுத்த பெரிலியத்தின் விலை யானை விலை.

இனி வேலூர்க் கதை. பெரிலியம் என்ற பெயர் பெரில் என்ற கல்லிலிருந்து வந்தது. கிரேக்கர் அதை பெருல்லோஸ் என்றார்கள். அது பிராகிருதத்து வேருலிய, வேளுரிய என்ற சொல்லிலிருந்து போனது. வடமொழியில் வைடூர்யம், நம் வாயில் வைடூரியம். இந்தச் சொல்லுக்குத் தெற்கே 'வேளூர்' என்ற ஊர்ப்பெயர் வேராக இருக்கலாம் என்று சில சொற்பிறப்பு அகராதிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அவை சொல்லும் ஊர் கர்நாடகத்து ஹாசன் மாவட்டத்து பேலூர். நம் கோட்டை வேலூர் அல்ல. அதுவும் ஊகமே. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று ஏற்கெனவே நம் ஊரைக் கேலி பேசும் பட்டியல் ஒன்று உண்டு. பெரில் இல்லாத வேலூரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய வட ஆற்காடு மாவட்டம் என்று விரித்தால் கதை மாறுகிறது. ரோமாபுரியோடு நடந்த வணிகத்தைப் பற்றி எழுதிய வரலாற்றாளர்கள், தென்னாட்டில் பெரில் எடுத்த இடங்களாகக் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூர், தென் கர்நாடகத்துப் புன்னாடு, வாணியம்பாடி ஆகிய மூன்றையும் குறிப்பிடுவார்கள். புன்னாட்டின் பெரிலைப் பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியே எழுதியிருக்கிறார். கொடுமணல் அகழாய்விலும் பெரில் கிடைத்தது. அங்கே மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளே இருந்திருக்கின்றன. வாணியம்பாடி என்றால் இன்று தோலும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். கல்லும் ஒரு காலத்தில் அதன் பெயரோடு சேர்ந்திருந்தது என்பதைக் கேள்வி கேட்டவரின் நண்பருக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதே திருப்பத்தூர்ப் பக்கம் சேவத்தூரில் இருக்கும் கார்பனடைட் பாறை வேறு வகை. அது வெர்மிகுலைட்டுக்கும் அபடைட்டுக்கும் பெயர் போனது, பெரிலியத்துக்கு அல்ல.

நவரத்தினத்தில் இரண்டு கற்கள் பெரிலியக் கற்கள் என்பது பலருக்குத் தெரியாது. மரகதம் என்பது குரோமியமோ வனேடியமோ கலந்து பச்சையான பெரில். இரும்பு கலந்து கடல் நிறமானால் அக்வாமரைன். இன்று நகைக்கடையில் வைடூரியம் என்று விற்கும் பூனைக்கண் கல் பெரில் அல்ல. அது கிரைசோபெரில், பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. பெயர் இடம் மாறினாலும் பெரிலியம் மாறவில்லை. மோதிரத்தில் போட்டால் ஒன்றும் ஆகாது. பெரிலியம் அந்தப் படிகக் கூட்டுக்குள் இறுக்கமாகப் பூட்டிக்கிடக்கிறது.

பெரில் பெக்மடைட் என்னும் கரடுமுரடான பாறை நரம்புகளில், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்காவோடு கிடைக்கும். இந்தியாவில் ராஜஸ்தான், ஜார்க்கண்டின் கோடர்மா, ஆந்திரத்தின் நெல்லூர் மைக்கா வட்டாரங்களில் உண்டு. அறுகோணத் தூண், தட்டையான தலை, கத்தியால் கீறினால் கோடு விழாது, வைரத்தைப் 10 என்று வைக்கும் மோஸ் அளவில் கடினம் 7.5 முதல் 8. அபடைட்டும் அறுகோணம்தான், ஆனால் கத்திக்குக் கீறல் விழும். குவார்ட்ஸ் தூணில் கோடுகள் குறுக்கே ஓடும், தலை கூம்பாக முடியும். டூர்மலைனை உடைத்துப் பார்த்தால் குறுக்குவெட்டு முக்கோணம்போல் உப்பியிருக்கும். கல்லில் பெரிலியம் சுத்தக் கணக்கில் 5 சதவீதம், வெட்டி எடுக்கும் தாதுவில் 4 சதவீதம் அளவுக்கே தேறும். தங்கம், தகரக் கனிமம்போல் தண்ணீரில் அலசிப் பிரிக்கவும் வழியில்லை; பெரிலும் குவார்ட்ஸும் கிட்டத்தட்ட ஒரே எடை. அதனால் இன்றும் பல சுரங்கங்களில் சுத்தியலும் கண்ணும்தான் கருவி, கையால் பொறுக்குகிறார்கள்.

உலகத்துத் தேவையில் பெரும்பங்கு பெரிலிலிருந்து வருவதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்போர் மலையில் பெர்ட்ராண்டைட் என்ற தாது எரிமலைச் சாம்பல் பாறையில் தூவிக்கிடக்கிறது. அதில் பெரிலியம் கால் சதவீதம் அளவுதான். ஆனால் கந்தக அமிலத்தில் நேராகவே கரைந்துவிடும். பெரிலோ பிடிவாதக் கல்; 1650 டிகிரியில் உருக்கி, தண்ணீரில் சட்டென்று ஊற்றிக் கண்ணாடியாக்கி, மறுபடி சூடேற்றி அரைத்த பிறகுதான் அமிலத்துக்கு மசியும். அதனால் கால் சதவீதத் தாது நாலு சதவீதக் கல்லை வென்றுவிட்டது. கரைசலிலிருந்து ஹைட்ராக்சைடு, அதிலிருந்து ஃப்ளோரைடு, ஃப்ளோரைடை மக்னீசியத்தோடு சேர்த்துக் கிராஃபைட் மூசையில் சூடேற்றினால் உலோகக் கூழாங்கற்கள். காப்பர் கலவைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பெரிலியம் ஆக்சைடு, கரி, செம்பு மூன்றையும் மின்வில் உலையில் போட்டு 4 சதவீதப் பெரிலியம் உள்ள தாய்க்கலவை எடுத்து, அதைச் செம்பில் கரைத்து இறக்குகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் கட்டி வந்த வழி இதுதான்.

இந்தியாவில் பெரில் நீண்ட காலம் அணுசக்திச் சட்டத்துக்குள் அடைபட்டிருந்தது. 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி அதை அணுக் கனிமப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதே ஆண்டு வந்த 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பெரிலியமும் உண்டு. அணுவோடு என்ன தொடர்பு என்றால், பெரிலியம் நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்ததே பெரிலியத்தின் மேல் ஆல்பா கதிரைப் பாய்ச்சித்தான். கல்பாக்கத்தில் 1996-இல் ஓடத் தொடங்கிய காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலையின் மையத்தைச் சுற்றி பெரிலியம் ஆக்சைடு அடுக்கு இருக்கிறது. வெளியே தப்பும் நியூட்ரான்களை அது உள்ளே தள்ளுவதால் கொஞ்சம் எரிபொருளே போதுகிறது.

இந்தத் தனிமத்தை வோக்லன் என்ற பிரெஞ்சுக்காரர் 1798-இல் மரகதத்திலும் பெரிலிலும் கண்டார். உலோகமாகப் பிரித்தது 1828-இல், வோலரும் பூசியும் தனித்தனியாக. இதன் உப்புகள் இனிக்கும். அதனால் குளூசினியம் என்றே ரொம்ப நாள் பெயர். அந்தக் காலத்து வேதியியலார் எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். இனிப்பு வேண்டுமென்றால் ஆற்காட்டு மக்கன்பேடா போதும், இதை யாரும் நக்கிப் பார்க்க வேண்டாம்.

சுத்த உலோகமாகப் பெரிலியத்தை நம் வட்டாரத்தில் பார்க்க வேண்டுமென்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எக்ஸ்-ரே குழாயின் உள்ளே வெற்றிடம்; கதிர் வெளியே வரும் சன்னல் காற்றையும் தாங்க வேண்டும், கதிரையும் விட வேண்டும். அணு எண் ஏற ஏறக் கதிரை விழுங்கும் அளவு வேகமாகக் கூடும். நாலாம் எண் பெரிலியம் கதிரைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். மார்பகப் பரிசோதனைக் கருவியில் மெல்லிய, சக்தி குறைந்த கதிர் வேண்டியிருப்பதால் அங்கே பெரிலிய சன்னல் இல்லாமல் முடியாது. இந்த சன்னலை விரலால் தொடக் கூடாது. வியர்வை உப்பு குழி அரித்து, வெற்றிடம் போய்விடும். பழைய குழாயைக் காயலான் கடைக்குப் போடும்போது சன்னலை உடைக்காமல் போட வேண்டும்.

மேலே வானத்தில் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 25-இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி, 18 அறுகோணப் பெரிலியத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு பெரிலியத் துண்டும் 20 கிலோ அளவு, மேலே தங்கப் பூச்சு மெல்லியதாக. அங்கே குளிர் சுழியத்துக்குக் கீழே 220 டிகிரியையும் தாண்டும். அந்தக் குளிரில் பெரிலியம் மேலும் சுருங்குவதும் விரிவதும் ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால்தான் கண்ணாடிக்குப் பதில் அதைப் பிடித்தார்கள்.

பெரிலியம் ஆக்சைடு ஒரு வெள்ளை பீங்கான். மின்சாரத்தை விடாது, வெப்பத்தை உலோகம்போல் கடத்தும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் பெரிய டிரான்சிஸ்டர்களிலும் சில லேசர் குழாய்களிலும் போட்டார்கள். பழைய சாமான் பிரிப்பவர்கள் அந்த வெள்ளைப் பீங்கானைத் தங்கத்துக்காக உடைப்பதும் அரைப்பதும் தெரிந்தே செய்யும் தற்கொலை வேலை.

ஆனால் உலகத்துப் பெரிலியத்தில் பெரும்பகுதி போவது செம்பில்தான். கார் கனெக்டர், ரிலே, செல்போன் டவர் இணைப்பு, விமானத்து லேண்டிங் கியர் புஷ், கடலடிக் கேபிளின் உறை என்று ஸ்பிரிங்கும் வேண்டும், மின்சாரமும் ஓட வேண்டும் என்ற இடமெல்லாம் அது. தீப்பொறி பறக்காத ஸ்பேனரும் சுத்தியலும் இன்னொரு பெரிய புழக்கம். பெட்ரோல் கிடங்கிலும் வெடிமருந்து ஆலையிலும் அதைத்தான் வைத்திருப்பார்கள். வெடிமருந்து ஆலை உள்ள காட்பாடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலை கட்டுப்படியாகாதவர்கள் அலுமினிய வெண்கலக் கருவி வாங்குவார்கள். பொறி அதிலும் வராது, சீக்கிரம் மழுங்கும்.

இனி உங்கள் கட்டி. முதலில் மில் சர்டிபிகேட் (உலோக ஆலை தரும் கலவைச் சான்று) கேளுங்கள். சந்தையில் இரண்டு வகை அதிகம். சி17200 என்பது 1.8 முதல் 2 சதவீதம் பெரிலியம். கெட்டிப்படுத்தினால் ராக்வெல் சி என்ற கடின அளவில் 36 முதல் 42 வரும். சி17510 என்பது 0.2 முதல் 0.6 சதவீதம் மட்டும் பெரிலியம், கூடவே நிக்கல். கடினம் குறைவு, ஆனால் வெப்பம் கடத்துவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீட்டருக்கு, டிகிரிக்கு 200 வாட்டுக்கு மேல் போகும். சி17200-க்கு 105 முதல் 130. மோல்டுக்கு வழக்கமாகப் போடும் பி20 எஃகுக்கு 30 சுமார்தான். உங்கள் பிரச்சினை குதிகாலின் சூடு. அங்கே அரிப்பும் தேய்மானமும் பெரிதாக இல்லை. பார்ட்டி சம்மதித்தால் சி17510 போடுவதே என் யோசனை. சூடு இன்னும் சீக்கிரம் இறங்கும், பெரிலியமும் நாலில் ஒரு பங்கு.

சர்டிபிகேட்டில் டெம்பரையும், அதாவது எவ்வளவு கெட்டிப்படுத்தியது என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே கெட்டிப்படுத்திய கட்டி என்றால் உலை வேலையே வேண்டாம், அப்படியே கடைந்து முடியுங்கள். அனீல் செய்த, அதாவது மெத்தாக்கிய கட்டி என்றால் கடைந்துவிட்டு ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்துவது) கொடுக்க வேண்டும். இதில்தான் எஃகுப் பழக்கம் காலை வாரும். எஃகை 800 டிகிரியில் சூடேற்றி எண்ணெயில் போட்டால் கெட்டியாகும். பெரிலியம் காப்பரை 790-இல் சூடேற்றித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும். அந்தக் குளிப்பு பெரிலியத்தைச் செம்புக்குள் கரைத்துச் சிறைப்பிடிக்க மட்டுமே. கெட்டியாவது அதற்குப் பிறகு, 315 முதல் 330 டிகிரியில் மூன்று மணி நேரம் வைக்கும்போது. கரைந்த பெரிலியம் நுண் துகளாகப் பிரிந்து நின்று உலோகத்தை இறுக்கும். குளிர் உருட்டிய கட்டிக்கு இரண்டு மணி போதும். சி17510-க்கு 480 டிகிரி, இரண்டு மூன்று மணி. ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் "காப்பர் மாதிரி ஏதோ" என்று கொடுத்தால் எஃகு உலையில் போட்டு மெத்தாக்கித் திருப்பித் தருவார்கள். கிரேடு எண்ணையும் டிகிரியையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சி17200 அப்படி மெத்தாகி வந்தாலும் பயப்படாதீர்கள், உருகாமல் இருந்தால் 320-இல் மறுபடி வைத்தால் கெட்டியாகும். 860 டிகிரியைத் தாண்டியிருந்தால் உள்ளே உருகத் தொடங்கியிருக்கும், கட்டி போனது போனதுதான்.

ஏஜிங்கில் உலைச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பொய் சொன்னால் வேலை கெடும். 370-க்கு மேல் போனால் துகள்கள் பெருத்து, கடினம் இறங்கிவிடும். அப்புறம் மீட்க 790-க்கே போக வேண்டும். அந்தச் சூட்டைச் சாதா மஃபிள் உலையில், காற்றில் கொடுத்தால் மேற்பரப்பில் பெரிலிய ஆக்சைடு செதில் கட்டும். அதைச் சுரண்டுவதே நாம் தவிர்க்க நினைக்கும் வேலை. அதனால் அந்தப் படியைச் சின்னப் பட்டறையில் செய்யாதீர்கள், கெட்டிப்படுத்திய கட்டியாகவே வாங்குங்கள்.

ஏஜிங்கில் சி17200 சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய 0.2 சதவீதம். 100 மி.மீ. இன்சர்ட் 0.2 மி.மீ. குறைந்து வரும். ஃபிட்டிங் முடித்துவிட்டு ஏஜிங் கொடுத்தவர்கள் மோல்டுக் குழியில் ஆடும் இன்சர்ட்டைப் பார்த்து விழிப்பது இதனால்தான். அளவு விட்டுக் கடைந்து, ஏஜிங்குக்குப் பிறகு கூலன்ட் ஓடக் கடைசி வெட்டு எடுங்கள். வெப்ப விரிவும் எஃகைவிடக் கூடுதல், 100 மி.மீ.க்கு 50 டிகிரி ஏறினால் சுற்றியுள்ள எஃகைவிட 0.025 மி.மீ. அதிகம் நீளும். அந்த இடத்தை ஃபிட்டில் விடாமல் இறுக்கி அடித்தால் ஓடும்போது பிதுங்கும்.

கடைவதற்குக் கூரான, பூச்சில்லாத கார்பைடு டூல் முனை நல்லது. மழுங்கிய டூல் தேய்த்துக்கொண்டே நின்றால் மேற்பரப்பு இறுகி அடுத்த வெட்டு எகிறும், தூசும் அதிகம். நீளச் சுருளாக வரட்டும். கந்தகம் கலந்த வெட்டு எண்ணெய் வேண்டாம், கறுத்துவிடும். அதைத் துடைக்காமல் உலையில் வைத்தால் கறை ஏறிவிடும். ஒயர்கட் (தண்ணீருக்குள் மின்பொறிக் கம்பியால் அறுப்பது) போடலாம், ஆனால் அந்தத் தண்ணீரிலும் ஃபில்டரிலும் பெரிலியத் துகள் தங்கும். ஃபில்டர் மாற்றும்போது காயவிடாதீர்கள், ஈரமாகவே பையில் கட்டுங்கள்.

சோல் வேலைக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. டி.பி.ஆர். (சூட்டில் இளகும் ரப்பர்) ஊற்றுகிற மோல்டுக்கு இந்த இன்சர்ட் தாராளம். பி.வி.சி. என்றால் சூட்டில் கொஞ்சம் ஹைட்ரஜன் குளோரைடு வரும், குழி அரிக்கும். ஃபோம் சோலுக்கு அசோடைகார்பனமைடு என்ற நுரைக்க வைக்கும் பொருளைப் போட்டால் அதிலிருந்து அம்மோனியா வரும். செம்புக் கலவைக்கு ஈர அம்மோனியா ஜென்ம விரோதி, இழுவிசை இருக்கும் மூலையில் சத்தமில்லாமல் விரிசல் விடும். அந்த வகைப் பொருள் ஓடப்போகிறது என்றால் நிக்கல் பூச்சு போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பூச்சு பிடிக்க மேலே உள்ள ஆக்சைடை முதலில் அமிலத்தில் கழுவ வேண்டும்; வெறும் துடைப்பில் போட்டால் பூச்சு உரிந்து வரும்.

இப்போது விஷம் என்ற பேச்சுக்கு வருவோம். அவர் சொன்னது முழுப்பொய் அல்ல, முழு உண்மையும் அல்ல. ராணிப்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஸ்டெயின்லெஸ் தட்டில் குரோமியம் இருக்கிறது, தினமும் அதில் சாப்பிடுகிறோம். அதே குரோமியம் குரோமேட்டாகக் கிணற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பொருள் ஒன்றே, வடிவம் வேறு. பெரிலியம் தோல் வழியாகவோ தொட்டதாலோ உடனே ஆளைச் சாய்க்காது. நுரையீரலுக்குள் போகும் நுண் தூசியும் புகையும்தான் பெரிய கெடுதல். அங்கே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாக அடையாளம் பிடித்துக்கொள்கிறது, எல்லாருக்கும் அல்ல, மரபணு வாகு உள்ள சிலருக்கு. பிறகு நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள் எழும், மூச்சு வாங்கும், வறட்டு இருமல், எடை குறைவு. சில மாதத்திலும் வரும், 20 வருஷம் கழித்தும் வரும். முழுதாகத் தீர்க்கும் மருந்து இல்லை, ஸ்டீராய்டு கொடுத்து அடக்குவார்கள். புற்றுநோய் வரவைக்கும் பொருள்களின் முதல் பிரிவிலும் பெரிலியம் இருக்கிறது.

இது 1940-களில் அமெரிக்காவில் குழல்விளக்குத் தொழிற்சாலைகளில் வெளிப்பட்டது; விளக்கின் உள்பூச்சில் பெரிலியம் கலந்திருந்தார்கள். 1949-இல் அதை நிறுத்தினார்கள், அதனால் இப்போதைய டியூப் லைட்டுக்குப் பயப்பட வேண்டாம். அந்தச் சமயத்தில் ஆலையில் வேலையே செய்யாத, தொழிலாளியின் உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் நோய் வந்தது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதே என்ற விதி அங்கிருந்து வந்தது.

அமெரிக்கச் சட்டம் 2017-இல் போட்ட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டர் காற்றுக்கு 0.2 மைக்ரோகிராம். இதை உங்கள் பட்டறைக் கணக்கில் பாருங்கள். சி17200-இல் 2 சதவீதம் பெரிலியம். அப்படியானால் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கலவைத் தூசி. 10 மீட்டர் நீளம், 5 அகலம், 4 உயரமுள்ள ஷெட்டில் 200 கன மீட்டர் காற்று. ஆகமொத்தம் 2 மில்லிகிராம் தூசி காற்றில் மிதந்தாலே வரம்பு நிறைந்தது. ஒரு அரிசி மணியின் எடையில் பத்தில் ஒரு பங்கு. எமரித் தாளில் இரண்டு நிமிடம் இழுத்தால் இதைவிடக் கூடுதலாகத்தான் உதிரும்.

அதனால் பாலிஷ் வேலையை ஈரமாக, எண்ணெயோ தண்ணீரோ விட்டு, கையால் மெதுவாகச் செய்யுங்கள். துடைத்த துணியைக் காயவிடாமல் மூடிய டப்பாவில் போடுங்கள். ஏர் கன்னால் ஊதவே கூடாது. இந்த ஒரு பழக்கம்தான் நம் பட்டறைகளில் நிறுத்துவதற்கு மிகக் கஷ்டம். விளக்குமாறு போட்டுப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். நுண் தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்கும் கிளீனர் இருந்தால் நல்லது, சாதா வாக்கும் நுண் தூசியைப் பின்பக்கம் வழியாக அறைக்கே திருப்பித் தரும். துணி மாஸ்க் உதவாது. முகத்தோடு ஒட்டும் வடிகட்டி மாஸ்க் வேண்டும். இன்சர்ட்டில் மூலை உடைந்தால் வெல்டு வைத்து மீட்கப் பார்க்காதீர்கள், புதிதாகச் செய்யுங்கள். வெல்டு புகை தூசியைவிட மோசம்.

பெரிலியம் வேலை செய்தவருக்கு நாள்பட்ட இருமல் வந்தால் டாக்டரிடம் முதல் பேச்சிலேயே தொழிலைச் சொல்ல வேண்டும். எக்ஸ்-ரேயில் இது காசநோய்போலவும், நுரையீரலில் இதேபோல் கட்டி எழுப்பும் சார்காய்டு என்ற நோய்போலவும் தெரியும். நம் பக்கம் காசநோய் அதிகம் என்பதால் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கிவிட்டு, இருமல் அப்படியே நிற்க, அப்புறம்தான் யாராவது "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்பார்கள். தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் மூன்றாம் அட்டவணையிலேயே பெரிலிய நச்சு அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது.

இந்த எச்சரிக்கை டூல் ரூமைவிட அதிகமாகத் தேவைப்படும் இடம் வேலூரில் இன்னொன்று உண்டு: பல் கட்டும் லேபுகள். கிரவுன் வார்க்கும் நிக்கல்-குரோமியம் கலவைகளில் சிலவற்றில் 2 சதவீதம் வரை பெரிலியம் இருக்கும், வார்ப்பு நன்றாக ஓடும் என்பதற்காக. சின்ன அறையில் ஃபேன் ஓட நாள் முழுக்க உலர்வாகக் கிரைண்ட் செய்வது அங்கேதான். பெரிலியம் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட்ட கலவையை மட்டும் வாங்க வேண்டும், கிடைக்கிறது.

கடைசியாகச் சுருளும் வெட்டுத் துண்டும். பித்தளைச் சுருளோடு கலந்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். அங்கிருந்து பித்தளை வார்ப்பவரின் மூசைக்குப் போய், அவர் மேலே மிதக்கும் கசடை வழிக்கும்போது அந்தப் புகை அவர் நெஞ்சுக்குள் போகும். கடைக்காரர் கையில் வைத்திருக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கியை (எக்ஸ்-ரே பாய்ச்சி என்ன உலோகம் என்று காட்டும் கருவி) நம்பவும் முடியாது. பெரிலியம் அவ்வளவு லேசானது என்பதால் அந்தக் கருவிக்கு அது தெரியவே தெரியாது, வெறும் செம்பு என்று காட்டிவிடும். தீப்பொறி அடித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் அல்லது லேசர் வகைக் கருவிதான் காட்டும். அதனால் ஒரு மூடி போட்ட தகர டின், மேலே பெயின்ட்டில் 'பெரிலியம் காப்பர், உருக்காதே' என்று எழுதி, கட்டி கொடுத்த பார்ட்டியிடமோ சப்ளையரிடமோ எடை போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.  கொட்டேஷன் போடும்போதே அதைப் பேசிவிடுங்கள்.